கண்ணை வைத்துப் பார்க்க இருந்த ஒரு ஓட்டையும் போச்சு

வ்யூஃபைண்டரையும் பிடுங்கிவிட்டார்கள். பானசோனிக் 2025-இல் இறக்கிய பாக்கெட் ஜூம் கேமரா டிஇசட்99-ஐத்தான் சொல்கிறேன். பழைய டிஇசட்95-இல் கண்ணை வைத்துப் பார்க்க ஓர் ஓட்டையாவது இருந்தது. புதியதில் அதே 30 மடங்கு ஜூம், அதே 24-720 மி.மீ. லென்ஸ் (எண் ஏற ஏற தூரத்துப் பொருள் கிட்டே வரும்), ஓட்டை மட்டும் காணோம். பதிலுக்கு சார்ஜ் போட யுஎஸ்பி-சி கொடுத்திருக்கிறார்களாம். ரொம்ப சந்தோஷம், தேங்காய் உடைத்துவிடுகிறேன்.

720-இல் கையை நீட்டிப் பிடித்து, திரையைப் பார்த்தே ஒரு பறவையைத் தேடியிருப்பீர்கள்தானே? என்னிடம் இருப்பது வேறு கம்பெனி, ஆனால் அதே குலம். வேடந்தாங்கல் கரையில் நிற்கிறேன், எதிரே மரத்தில் ஒரு கரண்டிவாயன், வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரிகிறது. ஜூமை இழுத்தால் இலை. இடப்பக்கம் திருப்பினால் இன்னொரு இலை. வலப்பக்கம் ஒரு கூழைக்கடாவின் முதுகு. ஜூமைக் குறைத்து, பறவையைக் கண்டுபிடித்து, மறுபடி இழுத்தால் மறுபடி அதே இலை, அதன் நரம்பெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருவழியாகச் சிக்கியது. பாதி அழுத்தினேன். ஃபோகஸ் முன்னே போய், பின்னே போய், ஆற அமர யோசித்து, பறவைக்கு முன்னாலிருந்த குச்சியைப் பிடித்தது. குச்சி அபார ஷார்ப்! அடுத்த அழுத்தலுக்குள் அந்த மகராசன் அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டான். கரண்டி இல்லாத கரண்டிவாயனை எடுத்து யாரிடம் காட்டுவது? விழிக்கும்வரை நின்றேன். விழித்தான், மேகம் வந்துவிட்டது, படத்தில் இறகு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்.

வேறென்ன வரும்? டிஇசட்99-ஐயே எடுங்கள், 24-இல் எஃப்/3.3 திறக்கிற லென்ஸ் 720-க்குப் போனால் எஃப்/6.4 (இந்த எண் ஏறினால் வெளிச்சம் இறங்கும்), கிட்டத்தட்ட கால் பங்கு வெளிச்சம். படத்தை வாங்கும் சென்சாரின் அகலமோ 6 மி.மீ. சொச்சம். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் உணர்திறன் அளவு, எகிறுகிறது; அதனால் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கேமரா இறகையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. சரி, அதைவிடப் பெரிய, 'ஒரு அங்குலம்' என்று பேர் வைத்த சென்சார் வேண்டுமா, சோனி ஆர்எக்ஸ்100 VII பாக்கெட்டில் போகும், ஆனால் ஜூம் 200-இலேயே நின்றுவிடும். ஜூம்தான் வேண்டுமா, நிக்கான் பி1000 3000 வரை போகும், 1.4 கிலோ, அதைப் போட ஆஞ்சநேயர்தான் பாக்கெட் தைத்துக்கொள்ள வேண்டும். இயற்பியலை யாராலும் ஏமாற்ற முடியாது, தெரியும் ஐயா. ஆனால் பெட்டி மேல் மடங்குக் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அந்த 6.4-ஐ லென்ஸ் விளிம்பில் எறும்பு படிக்கிற அளவில் எழுதுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, போன்ல எடுத்துப் பாத்தீங்களா?" என்றார். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய.

அப்புறம், பறவைகள் சரணாலயத்துக்கு ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தக் கூட்டமே, நாரைக்கு எதற்கப்பா குத்துப்பாட்டு?