என்.எம்.எம்.எஸ். பணம் தானா வந்துராதுங்க

என்.எம்.எம்.எஸ்.ங்கறது அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில எட்டாவது படிக்கிற பசங்க எழுதற மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சைங்க. 'நல்ல வாத்தியார் அமைஞ்சு எட்டாவதுல என்.எம்.எம்.எஸ். பாஸ் பண்ணிட்டா நாலு வருசத்துக்கு 48,000 ரூபா உறுதி, அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறினாலும் வரும்'னு ஒருத்தர் எழுதியிருக்காருங்க. வாத்தியார் விசயமும் தொகையும் சரி, 'உறுதி'ங்கறதும் எங்க மாறினாலும் வரும்ங்கறதும் தப்பு.

180-க்கு 72 எடுத்தா (எஸ்.சி., எஸ்.டி.க்கு 58) அது தகுதி மட்டும்தான். தமிழ்நாட்டுக்குன்னு இருக்கிற 6,695 இடத்துக்குள்ள வரணும். குடும்ப வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாவதுல 55% வேணும், அதனால எட்டாவதுல வந்து முழிச்சாப் பிந்திப் போச்சு.

இருக்கிற ரெண்டு தாள்ல பசங்க சறுக்கறது மனத்திறன் தாள்லதான். 90 நிமிசத்துல 90 கேள்வி, பாடப்புத்தகத்துல இல்லாத சமாச்சாரம். 2, 6, 12, 20, அடுத்தது என்ன? மனசுக்குள்ளயே போட்டுப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. எண்களுக்குக் கீழே 4, 6, 8-னு வித்தியாசத்தை எழுதப் பழக்கிவிட்டா 30-ன்னு உடனே வந்துரும். வாத்தியாரோட கை தெரியறது இங்கதான். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒண்ணையும் விட்டுட்டு வரவேண்டாம்.

பாஸானதுக்கு அப்புறமும் பணம் தொடர்ந்து வரணும்னா பத்தாவதுல 60%, அதாவது 500-க்கு 300 வேணும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55%). வருசாவருசம் ஆன்லைன்ல புதுப்பிக்கோணும். ஆதார்ல ஒரு பேரு, பாஸ்புக்குல ஒரு பேருன்னா பணம் அங்கயே நின்னுரும்.

முக்கியமா, பத்தாவது முடிச்சதும் நாமக்கல் பக்கம் தனியார் ஹாஸ்டல் பள்ளிக்கு மாத்தினா உதவித்தொகை நின்னுரும். ஆறுல இருந்து அரசுப் பள்ளியிலயே படிச்ச புள்ளைன்னா மருத்துவம், இன்ஜினியரிங்குக்கான 7.5% ஒதுக்கீடும் கூடவே போயிரும்.