ஒன்பது வருட முதல் ரவுண்ட் பிக்கில் எங்களிடம் மிஞ்சியது ஒன்று

ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் ட்ரேட் கதை, அதாவது மற்ற அணிகளோடு ஆட்டக்காரரையும் பிக்கையும் மாற்றிக்கொண்ட கதை, வந்துவிடும். யாரைக் கொடுத்தோம், யாரை எடுத்தோம், யார் ஏமாந்தது என்று இரவிரவாகக் கதைப்போம். அந்தக் கதைகளில் ஒரு ஆள் மட்டும் எப்போதும் விடுபட்டுப் போவான்: கொடுத்த பிக்கில் வந்திருக்க வேண்டிய பதினெட்டு வயதுப் பெடியன். பிக் என்றால் வருடாவருடம் நடக்கும் டிராஃப்டில் ஒரு இளம் ஆட்டக்காரனைத் தெரிவு செய்யும் உரிமை; பொதுவாக கீழே முடித்த அணிக்கு முன் இடம். ட்ரேட் நடக்கிற அன்று அவனுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. அதனால் அவன் பக்கம் நின்று வாதாடவும் ஆள் கிடையாது.

2019 முதல் 2027 வரை ரொறன்ரோவின் சொந்த முதல் ரவுண்ட் பிக்குகள் எங்கே போயின என்று வரிசையாகப் பாருங்கள். 2019 பிக், ஜேக் மஸினுக்காக லொஸ் ஏஞ்சலஸுக்கு. 2020 பிக், பற்றிக் மார்லோவின் சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்கிவைக்க கரோலைனாவுக்கு. 2021 பிக், நிக் ஃபொலீனோவுக்காக கொலம்பஸுக்கு. 2022இல் பீட்டர் மிராஸெக்கின் ஒப்பந்தத்தை சிக்காகோ ஏற்றுக்கொள்வதற்காக 25ஆம் இடத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாம் ரவுண்டில் 38ஆம் இடத்துக்கு இறங்கினோம். 2023 பிக், ரையன் ஓரைலிக்காக செயின்ட் லூயிஸுக்கு. 2025 பிக், ஜேக் மெக்கேப்புக்காக சிக்காகோவுக்கு. 2025 மார்ச் டெட்லைனில், அதாவது சீசனில் ட்ரேட் செய்யக் கடைசி நாளையொட்டி, இன்னும் இரண்டு: பிராண்டன் கார்லோவுக்காக 2026 பிக் பொஸ்டனுக்கு, ஸ்கொட் லாட்டனுக்காக 2027 பிக் ஃபிலடெல்ஃபியாவுக்கு. கடைசி இரண்டுக்கும் பாதுகாப்பு நிபந்தனை (பிக் மிக முன் இடத்தில் விழுந்தால் அந்த வருடம் எங்களிடமே நிற்கும் என்று) இருந்தது, ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

அன்றைய கணக்கில் ஒன்பதில் கையில் மிஞ்சியது 2024 மட்டும். அதிலும் 23ஆம் இடத்திலிருந்து 31க்கு இறங்கித்தான் பென் டான்ஃபோர்டை எடுத்தோம்.

"அண்ணை, பதினெட்டு வயசுப் பெடியன் வளர்ந்து வந்து எப்ப ஆடுறது? எங்கட நட்சத்திரம் மத்தியூஸுக்கு வயசு போகுதெல்லோ. இப்ப கப் அடிக்காட்டி எப்ப அடிக்கிறது?" என்று என் மனைவியின் தம்பி ஒவ்வொரு டெட்லைனுக்கும் கேட்பான். நியாயமான கேள்விதான். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடாத அணி இது. ஸ்காபரோவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு லீஃப்ஸ் வென்ற கதையைச் சொல்லத் தாத்தா பாட்டிகூட இல்லை, அவர்கள் வந்து இறங்கியதே அதற்குப் பிறகு. அவசரம் எனக்கும் விளங்குகிறது.

ஆனால் அவசரப்படுகிறவர்கள் சம்பள உச்சவரம்பை மறந்துவிடுகிறார்கள். 2005இல் உச்சவரம்பு வந்த பிறகு காசுள்ள அணி எல்லாரையும் வாங்கலாம் என்ற காலம் முடிந்துவிட்டது. 2019–20இல் ஒரு அணி செலவழிக்கக்கூடியது 81.5 மில்லியன் டொலர். அதில் மத்தியூஸ், தவாரஸ், மார்னர், நீலாண்டர் ஆகிய நாலு பேருக்கு மட்டும் ஏறக்குறைய 40.5 மில்லியன். பாதிக் காசு நாலு பேரிடம். பிறகு கோவிட் வந்து, அந்த உச்சவரம்பு மூன்று சீசனுக்கு அசையாமல் நின்றது. மீதிப் பாதியில் கோலி (கோல் காப்பவர்), டிஃபென்ஸ், கீழ் இரண்டு லைன் (மாறி மாறி இறங்கும் முன்னணி ஆட்டக்காரர் கூட்டங்கள்) எல்லாரையும் நிரப்ப வேண்டும்.

இந்த நிலையில் இருக்கும் அணிக்கு எது மிகவும் தேவை? மலிவாக ஆடக்கூடிய, கால் வேகமுள்ள இளம் பெடியள். டிராஃப்டில் எடுத்தவனுடைய முதல் ஒப்பந்தம் மூன்று வருடம், அடிப்படைச் சம்பளம் அந்த வருடங்களில் ஒரு மில்லியனுக்குள். அவன் நட்சத்திரமாக வேண்டியதே இல்லை. மூன்றாவது லைனில் நின்று பிடித்தாலே போதும், அவன் மிச்சப்படுத்தித் தரும் மூன்று நாலு மில்லியனில் நல்ல டிஃபென்ஸ்காரன் ஒருவனைக் கொண்டுவரலாம். மலிவான பெடியள் எவரையும்விட அதிகம் தேவைப்பட்ட அணியே அவர்கள் வரும் வழியை அடைத்துவைத்திருந்தது. விதைநெல்லை அவித்துத் தின்ற வேலை.

மத்தியூ நைஸைப் பாருங்கள். 2021இல் எங்களிடம் இருந்தது மொத்தமாகவே மூன்று பிக். ஏழு ரவுண்டில் மூன்று! அதில் இரண்டாம் ரவுண்டில், 57ஆம் இடத்தில் எடுத்தவன் அவன். 2024இல் பொஸ்டனுடனான பிளேஓஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) தொடரில் 3–1 என்று பின்தங்கி, மத்தியூஸ் இல்லாமல் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனோம். ஓவர்டைம். தவாரஸ் உள்ளே புகுந்து அடித்த பக் (ஹொக்கி வட்டு) கோலியில் பட்டுத் திரும்பியது. அங்கே நின்று அதைத் தள்ளிவிட்டவன் நைஸ். முழு வருடம் ஆடிய முதல் சீசனே அவனுக்கு அதுதான், சம்பளமும் ஒரு மில்லியனுக்குள். அன்று வீட்டில் கத்திய கத்தில் மேல்மாடியில் நித்திரை கொண்ட பிள்ளைகள் எழும்பி வந்துவிட்டார்கள். ஒரு இரண்டாம் ரவுண்ட் பிக் தந்தது இது. அப்படி இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் என்று நான் யோசிக்காத பிளேஓஃப் இல்லை.

இந்தப் பட்டியலில் என்னால் மன்னிக்கவே முடியாதது மார்லோ விவகாரம். 38 வயதை எட்டிக்கொண்டிருந்தவருக்கு 2017இல் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள், வருடத்துக்கு 6.25 மில்லியன். 35 வயதுக்கு மேல் எழுதிய ஒப்பந்தம் என்பதால் இடையில் வெட்டிவிட்டாலும் கணக்கில் அந்தக் காசு நிற்கும். மூன்றாவது வருடத்தைச் சுமக்க முடியாமல் 2019 ஜூனில் அவரோடு முதல் ரவுண்ட் பிக்கையும் சேர்த்துக் கரோலைனாவிடம் கொடுத்தோம். கரோலைனா அவரை ஆட்டத்துக்கே எடுக்கவில்லை, ஒப்பந்தத்தைக் காசு கொடுத்து முடித்துவிட்டது. பிக் முதல் பத்துக்குள் விழுந்தால் எங்களுக்கே என்றொரு நிபந்தனை இருந்தது. அது விழுந்தது 13ஆம் இடத்தில். அதில் அவர்கள் எடுத்தவன் செத் ஜார்விஸ். 2023–24இல் 33 கோல் அடித்தான். நாங்கள் அந்தப் பிக்கைக் கொடுத்து ஒரு ஆட்டக்காரனைக்கூட வாங்கவில்லை, முன்பு விட்ட பிழைக்கு அபராதம் கட்டினோம். மார்லோ நல்ல மனிதர், மத்தியூஸும் மார்னரும் அவர் வீட்டுப் பிள்ளைகள் போல வளர்ந்தார்கள். பிழை அவரில் இல்லை, ஒப்பந்தத்தை எழுதியவர்களில்.

ஃபொலீனோ ட்ரேட்டைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். அந்தப் பிக்கில் கொலம்பஸ் எடுத்தவன் பெரிதாக வரவில்லை. 25ஆம் இடத்தில் எடுப்பவர்களில் பலர் வருவதில்லை, அது உண்மை. ஆனால் எங்களுக்குக் கிடைத்தது என்ன? ஏழு லீக் ஆட்டம், மொன்றியலுடன் 3–1 என்று முன்னின்று தோற்ற தொடர், கோடையில் அவர் பொஸ்டனுக்குப் போனது. அவருடைய தகப்பன் மைக் ஃபொலீனோ லீஃப்ஸுக்கு ஆடியவர் என்று உருகி உருகி வரவேற்றோம். இரண்டு மாதப் பாசத்துக்கு முதல் ரவுண்ட் விலை.

பழைய ஆட்கள் 2009இல் பொஸ்டனிடம் ஃபில் கெஸ்ஸலை வாங்கிய ட்ரேட்டைத் தூக்கிப் பிடித்து, "கெஸ்ஸல் கோல் அடித்தவன்தானே" என்பார்கள். அடித்தான், மறுக்கவில்லை. எங்கள் அணி மோசமாக இருந்த நேரத்தில் இரண்டு வருட முதல் ரவுண்ட் பிக்கைக் கொடுத்ததுதான் பிழை. 2009–10இல் முப்பது அணியில் 29ஆம் இடத்துக்குப் போனோம், பொஸ்டன் கையில் இருந்த எங்கள் பிக் இரண்டாம் இடமாகி டைலர் செகின் ஆனது. அடுத்த வருடப் பிக் ஒன்பதாம் இடத்தில் டகி ஹமில்டன். 2011இல் செகினோடு பொஸ்டன் கப் அடித்தது. கொடுக்கும் நாளில் அந்தப் பிக்கின் உண்மையான விலை தெரியாது என்பதால்தான் எனக்கு இத்தனை பயம்.

மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். 1994இல் வென்டல் கிளார்க்கை கியூபெக்குக்குக் கொடுத்தபோது இந்த நகரமே கொதித்தது. வந்தவர் மற்ஸ் சுண்டின். பதின்மூன்று சீசன் எங்களைத் தோளில் சுமந்தார். பிரியமான ஆளை விற்பதும் சில நேரம் சரியாக வரும். அதனால் ட்ரேட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மெக்கேப் ட்ரேட்டை நான் ஆதரிக்கிறேன். பாதிச் சம்பளத்தை சிக்காகோவே கட்ட, இரண்டு வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தோடு வந்த டிஃபென்ஸ்காரன், பிறகு எங்களிடமே கையெழுத்தும் வைத்தான்.

2023 டிராஃப்ட் இரவு ஈஸ்டன் கோவனை 28ஆம் இடத்தில் எடுத்தபோது, இரண்டாம் ரவுண்டில் எடுக்க வேண்டியவனை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள் என்று எல்லா இடமும் திட்டு. அந்தப் பிக்கூட எங்கள் சொந்தப் பிக் இல்லை, எங்கள் டிஃபென்ஸ்காரன் சான்டினைக் கொடுத்து வாங்கிய பொஸ்டனின் பிக். அடுத்த சீசனில் ஒன்ராறியோ ஹொக்கி லீக் என்ற ஜூனியர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரன் விருது அவனுக்கு, 2025இல் ஜூனியர் அணிகளுக்கான மெமோரியல் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரனும் அவனே. திட்டியவர்கள் அன்று வரை அவன் ஆட்டத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

என் அளவுகோல் இதுதான். வருகிறவனுக்குக் குறைந்தது இரண்டு முழு சீசன் ஒப்பந்தம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ரவுண்ட் பிக்கை மேசையிலேயே வைக்கக்கூடாது. சம்பளத்தைத் தள்ளிவிடுவதற்காக ஒருபோதும் கொடுக்கக்கூடாது. இப்படிப் பார்த்தால் மெக்கேப் தேறுவான். லாட்டன் தேறமாட்டான், அந்த சீசனின் மிச்சத்தோடு இன்னொரு சீசன்தான் இருந்தது. கார்லோவுக்கு ஒப்பந்தம் இருந்தது சரி, ஆனால் முதல் ரவுண்டோடு ஃப்ரேசர் மின்டனையும் சேர்த்துக் கொடுத்தோம். 2022இல் 25ஆம் இடத்தை விட்டு இறங்கி எடுத்த அதே மின்டன். அந்த விலை எனக்கு அதிகம். மச்சான் இதை ஒத்துக்கொள்ளமாட்டான், கீழே எழுதட்டும்.