லினக்ஸ் வாழ்க, சரி

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் கூட்டத்தில் நான் பேச வந்தபோது என் திரை கறுப்பானது, உடனே ஒருவர் 'லினக்ஸ் வாழ்க' என்று கிண்டலாகத் தட்டினார். விண்டோஸுக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த 'லினக்ஸ் வாழ்க'வும் சிரிப்பு ஸ்மைலியும் இன்பாக்ஸ் வரை வந்துவிட்டன. சரி, பேசிவிடுவோம்.

நான் ஸ்கிரீன் ஷேர் செய்தேன், உங்களுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. உண்மை. என் லேப்டாப்பில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் வேலையைப் பார்ப்பது வேலாண்ட். முன்பு அந்த வேலையைப் பார்த்த பழைய எக்ஸ்11-இல் எந்த ஆப்பும் பக்கத்து ஆப்பை எட்டிப் பார்க்கலாம், கேட்பாரில்லை. வேலாண்ட் அந்த ஜன்னலை அடைத்தது. எதைக் காட்டுவது என்று முதலில் நம்மைக் கேட்கும், அப்புறம்தான் பைப்வயர் என்ற குழாய் வழியாக ஆப்புக்குப் படம் போகும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுக்கும் இது தெரியும். என்னிடம் இருந்த அந்த மீட்டிங் ஆப்புக்குத் தெரியவில்லை. லினக்ஸ் ஓடவில்லை என்பது வேறு, லினக்ஸுக்காக ஒருவரும் மெனக்கெடவில்லை என்பது வேறு.

அடுத்து, 'லினக்ஸில் ப்ரவுசரே திணறும்' என்றார் ஒருவர். அப்பாவிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது, அதிலும் லினக்ஸ்தான். பழைய மூன்றாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ராம். யூடியூபில் கச்சேரி போட்டால் மிருதங்கத்தை மீறி ஃபேன் கத்தும். "மாவு மில்லுல உக்காந்து கேக்கற மாதிரி இருக்குடா" என்பார். யூடியூப் அனுப்பியது விபி9 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. அந்தச் சிப்பில் விபி9-ஐப் பிரிக்கத் தனி வன்பொருள் கிடையாது, மொத்தப் பாரமும் சிபியு தலையில். எச்264ஐஃபை என்று ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் போட்டு, அந்தச் சிப்புக்குத் தெரிந்த எச்.264 என்ற பழைய முறை வீடியோவை வரவழைத்தேன், பழைய இன்டெல் டிரைவரையும் ஏற்றினேன். 2023-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115-இலிருந்து லினக்ஸில் இன்டெல்லுக்கு ஹார்ட்வேர் டிகோடிங், அதாவது சிபியுவை விட்டுவிட்டு வன்பொருளே வீடியோவைப் பிரிப்பது, தானாகவே இயங்குகிறது. அன்று ராத்திரி தனி ஆவர்த்தனத்தை முழுசாகக் கேட்டார். அதே லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தபோதும் இதே கத்தல்தான். அப்போது 'விண்டோஸ் வாழ்க' என்று யாரும் போடவில்லை.

'சாதாரண ஆள் இத்தனையும் செய்வானா?' என்பீர்கள். நியாயம். செய்ய மாட்டான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற புது மாதிரிப் பொட்டலமாக மாற்றினார்களே, அப்போது அது திறப்பதற்குள் காபி ஆற்றிக் குடித்துவிடலாம். நானே திட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் குறை எங்களுக்குத் தெரியும்.

'லினக்ஸ் வைத்திருக்கும் நாலு சதவீதம் பேருக்காக யார் டெஸ்ட் பண்ணுவார்கள்?' இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. போன மாதம் ஒரு கட்டணம் கட்டப் போனேன். 'உங்கள் ப்ரவுசர் ஆதரிக்கப்படவில்லை' என்று கதவைச் சாத்தியது அந்தத் தளம். ப்ரவுசர் தன்னைத் தளத்திடம் அறிமுகம் செய்துகொள்ளும் வரியான யூசர் ஏஜென்ட்டில் லினக்ஸ் என்றிருந்ததை விண்டோஸ் என்று மாற்றினேன். அவ்வளவுதான். அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லேப்டாப். பணம் கட்டி, ரசீதும் வந்துவிட்டது. எதுவுமே உடையவில்லை, பேர்தான் பிடிக்கவில்லை. பேரைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவனுக்கு டெஸ்டிங் செலவு என்று ஒரு சாக்கு வேறு.

சதவீதம் பார்த்துத்தான் எல்லாம் செய்வது என்றால் தமிழுக்கு யார் செய்திருப்பார்கள்? லினக்ஸில் அப்போதெல்லாம் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும். கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எழுத்துகளைக் கோக்கும் பாங்கோ என்ற நிரலைச் சேர்த்துக் கட்டிய ஃபயர்ஃபாக்ஸைத் தேடி இறக்கினால்தான் ஒட்டும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது. எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப், அந்தப் பாங்கோ ஆகிய வேலைகளின் பக்கத்திலேயே வளர்ந்ததுதான் ஹார்ஃப்பஸ். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் குரோமிலும் தமிழைக் கோத்துத் தருவது அதுதான். நீங்கள் கிண்டலாகத் தட்டிய 'லினக்ஸ்' இருக்கிறதே, அதில் 'லி'க்கு மேல்விலங்கைச் சரியாக மாட்டியதும் அதுதான். பரவாயில்லை, அதைச் செய்தவர்கள் காசு கேட்க மாட்டார்கள்.

'ஒரு ஸ்மைலிக்கு இவ்வளவா?' என்று கேட்கப் போகிறீர்கள். மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்த பேச்சு அது. கறுப்புத் திரை வந்ததும் ஃபயர்ஃபாக்ஸில் மறுபடி நுழைந்தேன். 'எதைக் காட்டட்டும்?' என்று பெட்டி வந்தது, தேர்ந்தெடுத்தேன், முதல் ஸ்லைடு பளிச்சென்று விழுந்தது. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. 42 பேரில் 11 பேர் மிச்சம். 'லினக்ஸ் வாழ்க' போட்டவர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்.