மணலுக்குள் இருந்த அன்னம்மாள்

"கிறிஸ்தவம் ஆப்பிரிக்காவுக்கு வெள்ளைக்காரனோடு கப்பலில் போன மதம்" என்று நன்றாகப் படித்தவர்களே எழுதுகிறார்கள். கோபத்தைவிட வருத்தம்தான் வருகிறது. எத்தியோப்பியாவின் பெயராவது அங்கங்கே அடிபடும், நூபியாவை யாரும் பேசுவதே இல்லை.

நூபியா என்பது இன்றைய எகிப்தின் தெற்கிலும் சூடானிலும் நைல் கரையை ஒட்டிய பகுதி. அங்கே நொபாதியா, மகூரியா, அலோடியா என்று மூன்று அரசுகள். போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போவதற்கு ஏறக்குறைய 900 வருடத்துக்கு முன்பே, 6-ஆம் நூற்றாண்டில், மூன்றும் கிறிஸ்தவத்துக்கு வந்துவிட்டன. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் தன் ஆட்களை அனுப்ப, கிறிஸ்துவின் இயல்பு பற்றிய சண்டையில் எதிர்த்தரப்பை ஆதரித்த அவருடைய மனைவி தியோடோரா, ஜூலியன் என்ற குருவை அனுப்பி முந்திக்கொண்டார் என்று அக்காலத்துச் சிரியாக் வரலாறு சொல்கிறது.

652-இல் அரபுப் படை மகூரியாவின் தலைநகர் டொங்கோலா வரை வந்தும் ஊரைப் பிடிக்க முடியவில்லை. நூபிய வில்லாளிகள் கண்ணைக் குறிபார்த்தே அடித்தார்கள் என்று அரபு எழுத்தாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்புறம் வந்த உடன்பாட்டுக்குப் பெயர் பக்த், பல நூற்றாண்டு நின்றது. ஆனால் அதன்படி நூபியா வருடாவருடம் சுமார் 360 அடிமைகளை அனுப்ப வேண்டியிருந்தது. பெருமை பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடக் கூடாது.

நான் சொல்ல வந்தது நூபியாவில், நைல் கரையில் இருந்த ஃபராஸ் பேராலயத்தைப் பற்றி. 1961-இல் மிகாவோவ்ஸ்கி தலைமையில் போலந்துக் குழு அங்கே தோண்டியபோது, உள்ளே நிரம்பிக் கிடந்த மணலே சுவரோவியங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதில் புனித அன்னம்மாள், மரியாளின் தாய்: அகலமான பெரிய கண்கள், வலது கையின் ஒரு விரல் உதட்டின்மேல். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட முகம், எதிரில் உட்கார்ந்து நம்மைப் பேசாமல் இருக்கச் சொல்வதுபோல. இன்னொரு சுவரில் ஆயர் பெத்ரோஸ், பின்னால் நின்று அவரைத் தாங்குகிறார் அப்போஸ்தலர் பேதுரு. பேதுருவுக்கு வெளுத்த முகம், ஆயருக்குக் கருத்த முகம். தங்கள் ஆயரைத் தங்கள் நிறத்திலேயே வரைந்தார்கள், தங்கள் மொழியைக் கிரேக்க எழுத்துகளோடும் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் எழுத்துகளோடும் தங்கள் மண்ணின் பழைய மெரோயிட்டிக் எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்துத் தாங்களே எழுதினார்கள். இதையா இரவல் மதம் என்பது?

எகிப்தில் நைலின் குறுக்கே கட்டிய அஸ்வான் அணைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓவியங்கள்மேல் மெல்லிய காகிதத்தை மெழுகும் பிசினும் வைத்து ஒட்டி, சுவரிலிருந்து அறுத்து எடுத்தார்கள். நூற்றுக்கும் மேல். ஆலயம் மூழ்கிப்போனது. எகிப்தின் பழைய அபு சிம்பெல் கோயிலைப் பெயர்த்து நகர்த்திய கதை எல்லோருக்கும் தெரியும், அதே அணைக்காக அதே காலத்தை ஒட்டி நடந்த இந்தக் கதை மட்டும் ஏன் தெரியாமல் போனது?

67 ஓவியங்கள் வார்சாவுக்குப் போயின, அன்னம்மாளும் அங்கேதான். மீதி சூடான் தலைநகர் கார்ட்டூம் அருங்காட்சியகத்துக்கு. 2023-இல் தொடங்கிய போரில் அந்த அருங்காட்சியகத்துக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது நம் பக்கம் ஒருவர்கூட அதைப் பற்றி எழுதி நான் பார்க்கவில்லை.