லாரியில் இன்னொரு ஆள் வேண்டும்

நெடுந்தூர லாரிகளில் டிரைவரோடு இன்னொரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உனக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன வாரம் வரை ஒன்றும் கிடையாது, சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போனதைத் தவிர.

ஆந்திராவில் சூலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் காலம் இது. வீட்டில் வேறு யாருக்கும் பறவை பார்க்கிற பொறுமை இல்லாததால், விடியற்காலையில் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். செங்குன்றம் வருவதற்குள் டீ குடிக்கத் தோன்றியது. லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு கடையில் ஓரங்கட்டினேன். இறங்கிக் கதவைக்கூடச் சாத்தவில்லை, பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அம்மிணி, முன்னாடி லெஃப்ட் டயர்ல காத்து கம்மியா இருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். எனக்கு நாலு டயரும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அவரே எழுந்து வந்து செருப்புக்காலால் ஒரு தட்டுத் தட்டி, "பங்க் வந்தா புடிச்சுக்குங்க, பயமில்ல" என்றார். அறுபதை நெருங்கும் வயது. சங்ககிரிக்காரராம். அப்புறம் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கூட ஆரும் வரலீங்களா?" என்றார்.

"இல்லண்ணா, தனியாத்தான். சும்மா ஊர் சுத்த."

"சும்மாவா!" என்று சிரித்தார். "எனக்காச்சும் அதுக்குக் காசு குடுக்கறாங்க."

நாசிக்கில் ஏற்றிய வெங்காயத்தை ராத்திரி கோயம்பேட்டில் இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடுக்காக புக்கிங் ஆபீஸ் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் பார்வை என் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டோரம் நின்ற அவர் வண்டியின் டீசல் டேங்க்கிலேயே இருந்தது. டீசல் திருட்டு, தார்ப்பாய் திருட்டு, ஸ்டெப்னி திருட்டு. வண்டி கண்ணில் படுகிற இடத்தில் இருக்கும் கடையில்தான் சாப்பாடு, ருசியெல்லாம் அப்புறம். கழிப்பறைக்குப் போவதென்றால் பக்கத்து லாரிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த லாரிக்காரர் நம்பகமான ஆளாகவும் இருக்க வேண்டும்.

"முன்னெல்லாம் கிளீனர் இருப்பானுங்க" என்று ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவே இல்லை. அவரே கிளீனராகத்தான் பதினைந்து வயதில் வண்டியேறியிருக்கிறார். (அந்த வயதில் ஒரு பையன் வேலைக்குப் போனதை நான் சிலாகிக்கவில்லை.) டயரைத் தட்டிப் பார்ப்பது, கயிறு இறுக்குவது, ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவது, கண்ணாடி துடைப்பது எல்லாம் கிளீனரின் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் டிரைவரிடம் எதையாவது பேசிக்கொண்டே இருப்பது. காலி வண்டியாக, ரோடும் காலியாக இருந்தால் டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுத்துப் பார்ப்பாராம். அப்படித்தான் இவர் ஓட்டவே கற்றுக்கொண்டது. இப்போது டிரைவர் கிடைக்கவில்லை என்று புலம்பும் முதலாளிகள், கிளீனர் சீட் காலியானால் அடுத்த டிரைவர் எங்கிருந்து வருவார் என்று யோசித்தார்களா தெரியவில்லை.

"சரி, இப்ப தூக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

காதைத் தொட்டுக் காட்டினார். ஒயரை மாட்டிக்கொண்டு, வேறெங்கோ தனியாக ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு டிரைவரோடு விடிய விடியப் பேச்சு. இவர் சோலாப்பூர் பக்கம் இருந்தால் அவர் ஓசூர் பக்கம் இருப்பார். எதிர்முனையில் பதில் வர ஒரு நொடி தாமதமானால், "டேய், ஓரங்கட்டுடா" என்று கத்துவார்களாம். போலீஸ் பிடித்தால் போன் பேசியதற்கு அபராதம். பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குள் பின்னால் நின்ற வண்டிக்கு வழிவிட அவர் லாரியை எடுக்க வேண்டி வந்தது. ரிவர்ஸ் பார்க்க ஆளில்லை. டீ மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்து ஒரு பக்கம் நின்றார், இன்னொரு பக்கம் நான். "வரட்டும், வரட்டும்" என்றேன். "சத்தமா சொல்லுங்க அம்மிணி, இஞ்சின் சத்தத்துல கேக்கல!" தொண்டை கிழியக் கத்தினேன். கிளீனர் வேலை சுலபமில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதியே இருந்தது. 2018-ல் ஒன்றிய அரசு அதை எடுத்துவிட்டது. லாரி ஏற்றக்கூடிய எடையின் வரம்பை உயர்த்தியதும் அதே வருடம்தான். பாரம் கூடியது, ஆள் குறைந்தது. விதி இருந்தபோதும் இரண்டாவது டிரைவர் பெரும்பாலும் பேப்பரில்தான் இருந்தார் என்று அண்ணனே ஒத்துக்கொண்டார். ஆனால் பேப்பரில் ஒருத்தர், வண்டியில் ஒரு கிளீனராவது இருந்தார்.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பொருந்தியது ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. நம் ஊரில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள்தானே அதிகம்? 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான், வெயிலில் வெந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. தனியாக ஓட்டுகிறவருக்கு அந்தக் குளிரில் தூக்கம் இன்னும் சுகமாக வரும் என்பது வேறு விஷயம்.

செலவு யார் தலையில் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு டிரிப்புக்கு இரண்டாவது ஆளின் சம்பளம், பேட்டா எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லோடு 16 டன். கிலோவுக்கு 25 காசு. வெங்காய விலை ஒரே வாரத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறுவதைப் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் ஒரு முதலாளி மட்டும் இதைச் செய்தால், பக்கத்து முதலாளி வாடகையைக் குறைத்துச் சொல்லி லோடைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவான விதி வேண்டும் என்கிறேன். இதைச் சொன்னபோது அண்ணன் கையை உதறினார். "ரூல் போட்டா செக்போஸ்ட்ல வசூலுக்கு இன்னொரு காரணம் கெடைக்கும், அவ்வளவுதானுங்க."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் ரோட்டில் வண்டியை மறித்துச் சோதிக்க வேண்டாம். வாடகை பில்லிலேயே இரண்டு ஆள் பேட்டாவைத் தனியாகக் காட்டி, சரக்கு அனுப்புகிறவரிடமே வாங்கட்டும்.