டெக்சஸ் போகாதவர்களுக்கெல்லாம் கணக்குத் தெரியாதா?

இங்கே நியூஜெர்சியில் நம் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில், வருமான வரி இல்லாத டெக்சஸுக்குக் குடிபோவதுதான் லாபம் என்று அண்ணன் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்க்காதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். "இன்னும் நியூஜெர்சியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்" என்று அவர் சொன்னதும் ஒரே கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேர் இங்கேயே குடியிருப்பவர்கள். எனக்கு அதுதான் இன்னும் வலித்தது.

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். பண்டிகை நாளில், அத்தனை பேர் முன்னால், வயதில் மூத்தவரை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் அவர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். "சம்பளத்தில் 10.75 விழுக்காடு ஸ்டேட்டுக்கே போய்விடுகிறது" என்றார். போகவில்லை அண்ணா. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் 10.75. அந்த அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வருமானம்? கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து, வரிக்குரிய வருமானம் ஒன்றரை லட்சம் டாலர் என்றால், நியூஜெர்சி வருமான வரி ஏறத்தாழ 5,500 டாலர். நூற்றுக்கு நாலு கூட வரவில்லை. 5,500 டாலர் அற்பத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் அது பெரிய பணம். ஆனால் மேடையில் சொன்ன கணக்கு அதைப்போல மூன்று மடங்கு. அதை நம்பி யாராவது வீட்டை விற்றால் யார் பொறுப்பு?

டெக்சஸில் வருமான வரி கிடையாது என்பது உண்மை. 2019-ல் வாக்கெடுப்பு நடத்தி, தனிநபர் வருமான வரி போடவே கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சரி, அப்படியானால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போலீசுக்கும் பணம் எங்கிருந்து வரும்? வீட்டின் மேல் போடுகிற வரியிலிருந்தும் கடையில் கட்டுகிற வரியிலிருந்தும்தான் பெரும்பகுதி வருகிறது. பெரும்பாலான டெக்சஸ் நகரங்களில் விற்பனை வரி 8.25. இங்கே 6.625, துணிமணிக்கு அதுவும் கிடையாது.

டாலஸ் பக்கம் புது லேஅவுட்டில் வீடு வாங்கிய தோழி தன் வரி ரசீதைப் படம் எடுத்து அனுப்பினாள். கவுண்டிக்கு ஒரு வரி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு வரி, கம்யூனிட்டி காலேஜுக்கு ஒரு வரி, எல்லாவற்றுக்கும் கீழே 'மட்' என்று ஒன்று. புது மனைப்பிரிவுக்குக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் போட வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்கள் அடைக்கிற வரி அது. அதைவிடக் கொடுமை, முதல் வருஷம் அவளுக்கு வந்தது காலி மனைக்கான வரி. அடுத்த வருஷம் வீட்டையும் சேர்த்து மதிப்பிட்டதும் எஸ்க்ரோவில், அதாவது வரிக்கென்று தவணையோடு மாதாமாதம் பிடித்துவைக்கும் பணத்தில், துண்டு விழுந்து, மாதத் தவணை திடீரென்று ஏறிவிட்டது. "முதல்லயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள். மேடையில் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டெக்சஸை மட்டம் தட்டுகிறேன் என்று சிலர் வருவீர்கள். இல்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகையை 2023-ல் 40,000-லிருந்து 1,00,000 டாலராக்கினார்கள், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் அது 1,40,000 ஆனது. நல்ல விஷயம்தான். இங்கே சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அதையும் நான் மறைக்கவில்லை. எல்லாம் கூட்டிக் கழித்தால் பல குடும்பங்களுக்கு அங்கே மிச்சம் இருக்கும். இருக்கட்டும். போகிறவர்களை நான் குறை சொல்லவில்லையே. போகாதவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொன்னதைத்தான் கேட்கிறேன்.

"வரியைப் பார்த்து யாரும் இடம் மாறுவதில்லை என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். மாறுகிறார்கள். நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் நகரத்துக்கென்று தனியாக வருமான வரி உண்டு, உச்சத்தில் 3.876 விழுக்காடு. ஹட்சன் ஆற்றைத் தாண்டி ஜெர்சி சிட்டியில் வீடு எடுத்தால் அது கிடையாது. வெளியிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு இருந்த நகர வரியை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் அத்தனை பேர் அந்தக் கரையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேற்கே போனால், வருமான வரி இல்லாத வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் குடியிருந்துகொண்டு, விற்பனை வரி இல்லாத ஓரிகானின் போர்ட்லண்டில் போய்ச் சாமான் வாங்குகிறார்கள். ஆனால் இவர்கள் பாலத்தைத் தாண்டியவர்கள். அதே வேலை, அதே நண்பர்கள், அதே டாக்டர். நாட்டின் மறுகோடிக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவது வேறு.

வயதானவர்கள் வரிக்குப் பயந்து போகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வூதியத்தில் வீட்டு வரி கட்டுவது கொடுமை. அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டு வரியில் பாதியை, 6,500 டாலர் வரை, திருப்பித் தர 2023-ல் நியூஜெர்சி சட்டம் போட்டது. சட்டத்துக்கு வைத்த பெயரே 'ஸ்டே என்ஜே', நியூஜெர்சியிலேயே இருங்கள் என்று.

அப்புறம் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ். இந்த விவாதத்தில் யாராவது அவரைக் கொண்டுவராமல் இருந்ததே இல்லை. அவர் இருந்த வாஷிங்டன் மாநிலத்தில் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பங்கு போன்றவற்றை விற்று வரும் லாபத்துக்கு, 7 விழுக்காடு வரி வந்தது, அவர் 2023-ல் மயாமி போவதாக அறிவித்தார். பெற்றோர் அருகில் இருக்க என்று அவர் சொன்னார், வரிக்காகத்தான் என்று ஊர் சொன்னது. எதுவாகவும் இருக்கட்டும், அவர் ஒருவர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களின் வரிப் பதிவுகளை வருஷக்கணக்கில் எடுத்து ஆராய்ந்தவர் சமூகவியலாளர் கிறிஸ்டோபல் யங். ஓர் ஆண்டில் அவர்களில் மாநிலம் மாறுபவர்கள் 2.4 விழுக்காடு, பொதுமக்களில் 2.9. பணக்காரர்கள் நம்மைவிடக் குறைவாகத்தான் நகர்கிறார்கள். தொழில், பிள்ளைகளின் பள்ளி, தெரிந்த மனிதர்கள் என்று எல்லாம் ஓர் ஊரில் வேரோடியிருக்கும்போது வரி ஒன்றுக்காகக் கிளம்ப அவர்களுக்கே மனம் வருவதில்லை.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் மூத்தவனுக்கு ஆட்டிசம். என்னைத் தொடர்பவர்களுக்குத் தெரியும், அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். காலையில் சின்ன மஞ்சள் பஸ் எங்கள் வாசலுக்கே வருகிறது. அதில் ஓர் உதவியாளர் அம்மா. அவன் படியில் ஏறாமல் அடம்பிடித்தால் அவர் இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஷூவின் வெல்க்ரோவைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவார். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஏறிவிடுவான். பள்ளியில் பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, அவனுக்கென்று ஓர் ஆள். இதற்கெல்லாம் நாங்கள் தனியாக ஒரு பைசா கட்டுவதில்லை. எங்கள் டவுன்ஷிப் வரி ரசீதில் பெரும் பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அந்த ரசீதைப் பார்க்கும்போது எனக்கு அந்த அம்மா முகம்தான் தெரிகிறது.

என் கணவருக்கு டெக்சஸின் ஆஸ்டினில் வேலை வந்தது. நாங்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம், ராத்திரி ராத்திரியாகப் போட்டோம். அப்போதுதான் படித்தேன். 2004-லிருந்து டெக்சஸ் கல்வித்துறை, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் மொத்த மாணவர்களில் 8.5 விழுக்காடு அளவில் இருந்தால் போதும் என்று ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளுக்கு ஓர் இலக்கு வைத்திருந்தது. நாட்டின் சராசரி 13 விழுக்காட்டை ஒட்டி இருந்த காலம் அது. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்தது. 2018-ல் மத்தியக் கல்வித்துறையே அது சட்டமீறல் என்று சொன்னது. "அதைத்தான் 2017-லேயே எடுத்துவிட்டார்களே" என்பீர்கள். எடுத்துவிட்டார்கள், சரி. அதற்குள் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு என்ன பதில்? வேறு இடமிருந்தால் என் பிள்ளையை வைத்து அந்த ஊரை நான் சோதித்துப் பார்க்க மாட்டேன். இதில் யாரும் எனக்கு நியாயம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களான பிறகு கிடைக்கும் மெடிக்கெய்ட் வெய்வர் உதவி, அதாவது விடுதியில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு தரும் உதவி, மாநிலம் விட்டு மாநிலம் நம்மோடு வராது. புது மாநிலத்தில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். டெக்சஸில் சில வெய்வர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கு மேல். எனக்கும் வயதாகிறது. எனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு முன்னால் 5,500 டாலரை வைத்து நான் எந்தக் கணக்கைப் போடுவது?

கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் இங்கே இருக்கிறோம் அண்ணா. உங்கள் கணக்கில் இல்லாத விஷயங்கள் எங்கள் கணக்கில் இருக்கின்றன, அவ்வளவுதான். அதற்காக மேடையில் நின்று எங்களைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தீர்களே. அன்றைக்கு முன்வரிசை ஓரத்தில் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன்தான். மைக்குக்குப் பக்கத்தில் நின்ற உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

விழாக் குழுவினரிடம் ஒரே வேண்டுகோள். காணொளியைப் பக்கத்தில் ஏற்றும்போது அந்த 10.75 பகுதியை நீக்குங்கள், அல்லது சரியான விவரத்தைக் கீழே எழுதுங்கள். தப்பான எண் நம் சங்கத்தின் பெயரில் சுற்ற வேண்டாம். டெக்சஸுக்கோ ஃப்ளோரிடாவுக்கோ போக யோசிக்கும் குடும்பங்களில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை இருந்தால், வீடு பார்ப்பதற்கு முன்னால் அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்விப் பிரிவில் பேசுங்கள், வெய்வர் வரிசை எவ்வளவு என்று கேளுங்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் எழுதி வைத்த பட்டியல் என்னிடம் இருக்கிறது. இன்பாக்ஸில் வாருங்கள், அனுப்புகிறேன்.