ரேங்க் புள்ளியும் வெட்டுப்புள்ளியும்

"ஆர்வமே போய்விட்டது அண்ணா, விட்டுவிடலாமா?" என்று கேட்கும் தம்பிமார் அண்மையில் கூடிவிட்டார்கள். இருவர் மோதும் சண்டை வீடியோ விளையாட்டுகளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுபவர்களும் கேட்கிறார்கள், டெக்கன் 8 ஆடுபவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அளவுகோல்தான் பிழை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே வெட்டுப்புள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். விளையாட வந்த இடத்திலும், வென்றால் ஏறி தோற்றால் இறங்கும் ரேங்க் புள்ளியை அதே பயத்தோடு பார்க்கிறோம். புள்ளி இறங்கினால் அன்றிரவு முழுவதும் வீண் என்று எண்ணிவிடுகிறோம்.

ஏன் தோற்றோம் என்பதைப் புள்ளி சொல்லாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இல் எல்லோரையும் எரிச்சலூட்டும் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அடி வந்து விழ 26 பிரேம், அதாவது திரையில் 26 படங்கள் ஓடும் நேரம் ஆகும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் அது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. கண்டவுடன் விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி, அதாவது 15 பிரேம் போதும். கணக்குப்படி தாராளமாகத் திருப்பி அடிக்கலாம். இருந்தும் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். எதிராளி பாய்வானா, பிடித்து எறிவானா, நம் அடுத்த காம்போ (தொடர் அடி) என்ன என்று மனம் ஒரே நேரத்தில் பலவற்றைச் சுமப்பதால் வரும் வினை இது.

ஆகவே ஓர் இரவுக்கு ஒன்றே ஒன்று. இன்று இம்பாக்டுக்கு மட்டும் பதில் சொல்வேன் என்று உட்காருங்கள். ஆட்டம் தோற்கட்டும். எத்தனை முறை திருப்பி அடித்தீர்கள் என்பதை ரீப்ளேயில் எண்ணிவிடலாம். (ரீப்ளே பார்ப்பது சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஒரு சுற்றைப் பார்த்தாலே போதும்.)

அடுத்த புலம்பல், கொழும்பில் நல்ல இணைய இணைப்போடு கிடைக்கும் எதிராளிகள் குறைவு, திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் என்பது. இதை நான் குறையாகவே எண்ணவில்லை. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த ஆட்டக்காரர் அர்சலான் ஆஷ் 2019 இல் டெக்கன் 7 இல் ஈவோ ஜப்பான், லாஸ் வேகாஸ் ஈவோ என்ற இரு பெரும் போட்டிகளையும் வென்றபோது உலகம் வாயைப் பிளந்தது. வெளியே பெயர் தெரியாத உள்ளூர் ஆட்டக்காரர்களோடு நேருக்கு நேர் மோதி வளர்ந்தவர் அவர். பிறகு ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரியாவின் பெரும்புள்ளி, அந்த ஆட்டக்காரர்களோடு மோதுவதற்காகவே பாகிஸ்தானுக்குப் பயணம் போனார்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்களைவிடக் கெட்டிக்காரன் ஒருவனைப் பிடியுங்கள். முதலில் பத்து ஆட்டம் வெல்பவர் யார் என்று வைத்து ஆடுங்கள். மூன்றாவது ஆட்டத்திலேயே உங்கள் பழக்கங்களை அவன் கண்டுபிடித்துவிடுவான். பிறகு நீங்கள் மாறியே ஆகவேண்டும். பத்துக்கு இரண்டு என்று தோற்றால், அந்த இரண்டையும் ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று அவனிடமே கேளுங்கள். ரேங்கில் வரும் முகம் தெரியாதவன் இதற்குப் பதில் சொல்லமாட்டான். அவன் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பான்.